பயிர் முறையும் காட்டுச் செடிகளும்

தோட்டத்தில் ஒரு செடி கண்ணில் பட்டதும் நம் மனத்தில் எழும் முதற் கேள்வி, இது பயிரா களையா என்பதே. பயிர் என்றால் உரமிட்டுக் காக்கிறோம். களை என்றால் வெட்டுகிறோம், அல்லது மருந்து தெளிக்கிறோம். இவ்விரண்டிலும் சேராத மற்றொரு கூட்டமும் நம் காலடியில் வாழ்ந்து வருகிறது. லயத்துக்குப் பின்புறம் ஈரத்தில் படரும் வல்லாரை, கோழிக்கூண்டின் ஓரத்தில் முளைக்கும் மணத்தக்காளி, கால்வாய்க் கரையில் தழைக்கும் பொன்னாங்கண்ணி, நடைபாதையில் தலைகாட்டும் கீழாநெல்லி, குப்பைமேனி, பள்ளத்தில் சுருண்ட தளிருடன் நிற்கும் பாக்குக் கீரை ஆகியவை அக்கூட்டத்தைச் சேர்ந்தவை. இவற்றை யாரும் விதைத்ததில்லை. யாரும் நீர் ஊற்றியதுமில்லை. ஆயினும், தோட்டப்புறத்துத் தாய்மார்கள் பல தலைமுறைகளாக இவற்றைப் பறித்துச் சமைத்தும், கைமருந்தாகப் பயன்படுத்தியும் வந்துள்ளனர். இன்று இவற்றுள் சில, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் போன்ற நகர்ப்பகுதிகளில் கட்டுக் கட்டாக விலைக்கு விற்கப்படுகின்றன.

‘முன்பு எங்கள் தோட்டத்தில் இக்கீரை நிறையக் கிடைக்கும்; இப்பொழுது காணவில்லை’ என்று முதியோர் சொல்லக் கேட்கிறோம். அச்செடி எங்கே போயிற்று? ஏன் போயிற்று? ஒரு நிலத்தில் எந்தப் பயிரை, எந்த முறையில், எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கிறோம் என்பதற்கும், அங்கே தாமாக முளைக்கும் செடிகளின் வகைகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அத்தொடர்பை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நிலம் கண்ட மாற்றங்கள்

தீபகற்ப மலேசியாவில் தாமாக வளரும் விதைச் செடிகளும் பெரணிகளும் சேர்ந்து 8,000 வகைகளுக்கு மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பகுதி காட்டைச் சார்ந்தவை. கிள்ளான் ஆற்றுப் பள்ளத்தாக்கும் ஒரு காலத்தில் அடர்ந்த காடாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கிள்ளான் பகுதியில் காடு வெட்டப்பட்டு லைபீரியக் காப்பி பயிரிடப்பட்டது. காப்பியின் விலை வீழ்ந்தபொழுது, துரைமார்களின் கவனம் ரப்பரின்பால் திரும்பியது.

தென் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்து வழியாக 1877இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தன. 1888இல் அப்பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1890களில் காஜாங் அருகே இஞ்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் வாணிகப் பயிராக நடப்பட்டது. 1917இல் கோலசிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமாரம் தோட்டத்தில் செம்பனை வாணிக முறையில் முதன்முதலாகப் பயிரிடப்பட்டது. 1960களிலிருந்து ரப்பர்த் தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறின. அடுத்து நகரம் வளர்ந்தது. எஃபிங்காம் தோட்டம் பெட்டாலிங் ஜெயாவாயிற்று. சீஃபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலமாயிற்று.

காடு, காப்பி, ரப்பர், செம்பனை, வீடமைப்பு என ஏறத்தாழ 130 ஆண்டுகளில் ஒரே நிலம் ஐந்து வேடங்களைப் பூண்டிருக்கிறது. ஒவ்வொரு வேடத்திற்கும் அதற்கேற்ற காட்டுச் செடிகள் வந்தன, முன்பிருந்தவை விலகின.

செடியின் வரவை முடிவு செய்யும் ஐந்து காரணங்கள்

ஓரிடத்தில் எச்செடி முளைத்து நிலைக்கும் என்பதை ஐந்து காரணங்கள் முடிவு செய்கின்றன.

முதலாவது, ஒளி. லாலான் புல் வெயிலில் செழிக்கும். நிழலில் மெலிந்து மறையும். பெரணிகளுட் பல நிழலில் வாழ்பவை. எனவே, பயிரின் இலைக்கூரை எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறது என்பது முதற்கண் கவனிக்கத்தக்கது.

இரண்டாவது, மண்ணைக் கிளறுதல். மண்வெட்டி அடிக்கடி படும் இடத்தில், சில வாரங்களிலேயே முளைத்துப் பூத்து விதை சிந்திவிடும் சிறு செடிகளே நிலைக்கும். மெதுவாக வளரும் மரக்கன்றுகளுக்கு அங்கே வாழ்வில்லை.

மூன்றாவது, உரம். உரம் பயிரை மட்டும் வளர்ப்பதில்லை. அதை விரைந்து உண்ணும் சில செடிகள் ஓங்கி வளர்ந்து மற்றவற்றை மறைத்துவிடுகின்றன. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில், வைக்கோற்புல் நிலம் ஒன்றில் 1856இல் தொடங்கிய சோதனை இன்றும் நடைபெறுகிறது. உரமே இடாத பாத்திகளில் 40 வகைகளை ஒட்டிச் செடிகள் காணப்படுகின்றன. அம்மோனிய உரத்தை மிகுதியாகப் பெற்று, மண்ணும் புளிப்பேறிப்போன பாத்திகளில் இரண்டு மூன்று வகைகளே எஞ்சியிருக்கின்றன.

நான்காவது, காலம். மூன்று மாதங்களில் அறுவடையாகும் காய்கறிப் பாத்திக்கும், 25 அல்லது 30 ஆண்டுகள் நிற்கும் ரப்பர் நிரைக்கும் வேறுபாடு பெரிது. நிலம் கலைக்கப்படாமல் இருக்கும் காலம் நீள நீள, மெல்ல வளரும் செடிகளுக்கும் இடம் கிடைக்கிறது.

ஐந்தாவது, விதை வரும் வழி. காற்றும், நீரும், பறவையும், வௌவாலும், அணிலும் விதைகளைக் கொண்டுவருகின்றன. அருகே காடோ, ஆற்றோரத் தோப்போ, பழைய மரக்கூட்டமோ இருந்தால் பலவகை விதைகள் வரும். நான்கு திசையிலும் ஒரே பயிர் என்றால், வருவதற்கு விதை ஏது?

ரப்பர் மரத்தின் கீழ்

தொடக்ககால ரப்பர்த் தோட்டங்களில், நிலத்தில் ஒரு புல்கூட இருத்தலாகாது என்பதே நெறியாக இருந்தது. நம் முன்னோர்கள் மண்வெட்டி கொண்டு நிலத்தைத் துடைத்து வைத்தாற்போல் வைத்திருந்தனர். அதனால் தோட்டம் பார்வைக்கு அழகாகத் தோன்றியது. ஆனால், கோலாலம்பூர்ப் பகுதியில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மூடாத மேட்டு நிலத்தில் அம்மழை நேரே விழுந்து, மேல்மண்ணைக் கரைத்துக் கொண்டுபோயிற்று. மண்ணோடு சத்தும், மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த விதைகளும் போயின.

1925இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இக்குறையை ஆராய்ந்தது. நிலத்தை மூடி வைக்க வேண்டும் என்ற கருத்து படிப்படியாக வலுப்பெற்றது. தாமாக வளரும் கீழ்ச்செடிகளின் பயனையும், அவற்றைக் கட்டுக்குள் வைக்கும் முறையையும் விளக்கி, 1934இல் அக்கழகம் தோட்டங்களுக்கெனக் கைந்நூல் ஒன்றை வெளியிட்டது. எல்லாச் செடிகளையும் பகையெனக் கருதிய காலம் மாறி, எதனை வைப்பது, எதனை நீக்குவது என்று பிரித்துப் பார்க்கும் காலம் வந்தது.

மூடு பயிராகப் பரவலாக நடப்பட்டவை அவரை இனக் கொடிகளாகும். பியூராரியா, சென்ட்ரோசீமா, கலபோகோனியம் ஆகிய மூன்றையும் கலந்து விதைப்பது வழக்கம். அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. கொடிகள் மண் அரிப்பைத் தடுக்கின்றன. லாலான் புல்லை அமுக்குகின்றன. மறு நடவு செய்த முதல் நான்கைந்து ஆண்டுகளில் இவையே நிலத்தை ஆள்கின்றன. ஆகவே, அக்காலத்தில் காட்டுச் செடி வகைகள் குறைந்தே காணப்படும்.

மரங்கள் வளர்ந்து கிளைகள் ஒன்றையொன்று தொட்டதும் நிழல் விழுகிறது. ஒளியை நாடும் கொடிகள் பின்வாங்குகின்றன. அவ்விடத்தில் பெரணிகளும், நிழற்புற்களும், பறவை எச்சத்தில் வந்த புதர்ச்செடிகளும் குடிபுகுகின்றன. ரப்பர்க்காய் வெடித்துச் சிதறும் கொட்டைகளும் ஆங்காங்கே முளைக்கின்றன. ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரம் இலையுதிர்க்கும்பொழுது சில வாரங்களுக்கு ஒளி தரையை எட்டுகிறது. உறங்கிய விதைகள் விழிக்கின்றன. 2017 முதல் நம் நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் பரவிய பெஸ்டலோட்டியோப்சிஸ் இலையுதிர் நோய் இவ்வொளியை அளவுக்கு மீறி உள்ளே விட்டுவிடுகிறது. நோய் தாக்கிய நிரைகளில் வெயில் விரும்பும் களைகளும் கூடுகின்றன.

செண்டுடுக் என்னும் ஊதாப்பூச் செடியைத் தோட்டத்தில் அறியாத பிள்ளைகள் இல்லை. அதன் பழத்தைத் தின்றால் நாக்கு கறுக்கும். இது இம்மண்ணுக்கே உரிய செடி. அதைப் போலவே தோன்றி, உடலெங்கும் மயிர் அடர்ந்திருக்கும் கிளிடேமியா என்னும் புதரோ வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. நிழலையும் தாங்கும் ஆற்றல் உடையது. உறவினர் போல வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும் இத்தகைய அயற்செடிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொள்ளுதல் நன்று.

செம்பனையின் கீழ்

ஒரு ஹெக்டரில் ஏறத்தாழ 400 முதல் 500 வரை ரப்பர் மரங்களை நடுகிறோம். செம்பனையோ 136 முதல் 148 வரைதான். ஆயினும், செம்பனைத் தோட்டத்தில் நிலம் நான்கு விதமாகப் பிரிந்து கிடக்கிறது. மரத்தைச் சுற்றியுள்ள வட்டம், உதிர்ந்த பழத்தைப் பொறுக்குவதற்காகத் துப்புரவாக வைக்கப்படுகிறது. பழம் சுமக்கும் பாதை அடிக்கடி மிதிபடுகிறது. வெட்டிய மட்டைகளை அடுக்கும் நிரையில் இலைமக்கு சேருகிறது. நான்காவதாகிய கால்வாய் ஓரமோ எப்பொழுதும் ஈரமாக இருக்கிறது. இந்நான்கிலும் வெவ்வேறு செடிகள் வாழ்வதைக் காணலாம். பாதையில் தொட்டாற்சிணுங்கியும் மிதியைத் தாங்கும் புற்களும். மட்டை அடுக்கில் நெப்ரோலெபிஸ் பெரணி. கால்வாயில் பாக்குக் கீரை. வட்டத்திலோ பெரும்பாலும் வெறுந்தரை.

மற்றொரு வேறுபாடும் உண்டு. ரப்பரின் பட்டை பெரிதும் வழுவழுப்பானது. பால் வெட்டுக்காக அடிக்கடி தொடப்படுவது. செம்பனையின் தண்டில் வெட்டிய மட்டைகளின் அடிப்பகுதிகள் பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவ்விடுக்குகளில் மக்கும் தூசியும் தேங்கி, சிறு சிறு பூந்தொட்டிகள் போல் ஆகிவிடுகின்றன. அங்கே பெரணிகள் பல தொங்குகின்றன. பறவை இட்ட எச்சத்திலிருந்து ஆல், அத்தி இனக் கன்றுகளும் முளைக்கின்றன. தரையில் மருந்தடித்த தோட்டத்திலும், தண்டின்மீது ஒரு பசுமைத் தோட்டம் வாழ்வதைக் காணலாம்.

எனினும், செம்பனையின் 25 ஆண்டு வாழ்வு முடிந்து மறு நடவு செய்யும்பொழுது மரங்கள் யாவும் ஒரே சமயத்தில் சாய்க்கப்படுகின்றன. தண்டில் வாழ்ந்தவை ஒருசேர வீடிழக்கின்றன. பல நூறு ஏக்கர் ஒரே காலத்தில் வெட்டப்பட்டால், அச்செடிகள் மீண்டும் வருவதற்கு வெகுதூரத்திலிருந்து விதை வரவேண்டும். சிறு சிறு பகுதிகளாக வெவ்வேறு ஆண்டுகளில் நட்ட தோட்டத்தில், இளமரமும் முதுமரமும் அருகருகே நிற்பதால் அவ்விழப்பு குறைகிறது. நட்டது எதுவென்பதோடு, எவ்வளவு பரப்பில், எந்த ஒழுங்கில் நட்டோம் என்பதும் கணக்கில் சேர்கிறது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

மருந்தின் விளைவு

லாலானை ஒழிக்கப் பல ஆண்டுகள் நம் தோட்டங்களில் சோடியம் ஆர்சனைட் என்னும் பாடாணம் பயன்படுத்தப்பட்டது. மருந்தடித்த புல்லை மேய்ந்த கால்நடைகளுக்கு அது நஞ்சாயிற்று. 1960களின் தொடக்கத்தில் பாராகுவாட் வந்தது. தெளித்த சில நாட்களில் பச்சையெல்லாம் கருகியதால் அது விரைவில் பரவிற்று. மனித உடலுக்கு அது கொடிய நஞ்சாகும். விழுங்கினால் மாற்று மருந்தில்லை. 2020 ஜனவரி முதல் நாள் தொட்டு மலேசியாவில் அது முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளது.

செடி வகைகளின்மீது மருந்து செய்யும் வேலையை நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரே மருந்தை ஆண்டாண்டாகத் தெளிக்கும்பொழுது, அதைத் தாங்காத மெல்லிய செடிகள் முதலில் அழிகின்றன. வல்லாரை போன்ற பயனுள்ள செடிகளும் அவற்றுள் அடங்கும். தாங்கி நிற்கும் ஓரிரு வகைகளுக்குப் போட்டியாளரே இல்லாமற் போகிறது. ஆகவே, அவை முன்னைவிடப் பெருகுகின்றன. கேழ்வரகின் நெருங்கிய உறவான எலூசின் புல்லை மலாய் மொழியில் ரும்புட் சம்பாவ் என்பர். 1997இல் கிளைபோசேட் மருந்துக்குச் சாகாத எலூசின் புல் மலேசியாவில் கண்டறியப்பட்டது. நாம் களையை ஒழிக்கவில்லை. பலவகைக் களைகளை அகற்றி, ஒழிக்க முடியாத ஒரு களைக்கு நிலத்தைப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டோம்.

நெல் வயலிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. சிலாங்கூரின் வடமேற்கே தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வட்டாரத்தில் முன்பு நாற்றுப் பறித்து நடும் வழக்கம் இருந்தது. தேங்கிய நீரில் வளர்ந்த நாற்று நடப்பட்டதால் பல களைகள் முளைக்க இயலவில்லை. 1980களில் ஆள் பற்றாக்குறையால் நேரடி விதைப்பு பரவிற்று. 1988இல் அவ்வட்டாரத்தில் ‘பாடி ஆங்கின்’ எனப்படும் களை நெல் தலைகாட்டியது. காற்று நெல் என்பது அப்பெயரின் பொருள். நல்ல நெல்லைப் போலவே வளர்ந்து, அறுவடைக்கு முன்பே மணியை உதிர்த்துவிடுவது அதன் இயல்பு. மண்ணும் நீரும் அவையே. விதைக்கும் முறை ஒன்று மாறியதும் புதிய களை ஒன்று நாடெங்கும் உழவருக்குத் தொல்லையாயிற்று.

பூச்செடி செய்யும் காவல்

காட்டுச் செடிகளால் பயிருக்கு என்ன நன்மை என்று சிலர் கேட்கக்கூடும். செம்பனைத் தோட்டத்தின் கூட்டுப்புழு இதற்கு விடை தருகிறது. 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும், நெடுநாள் நஞ்சு நிற்கும் பூச்சிமருந்துகள் செம்பனைக்குத் தெளிக்கப்பட்டன. அதன்பின் கூட்டுப்புழு முன்னினும் பன்மடங்கு பெருகிற்று. கூட்டுக்குள் மறைந்திருந்த புழு தப்பியது; அதைத் தின்று வாழ்ந்த குளவி இனங்களும் பிற எதிரிகளும் மாண்டன. மருந்தை நிறுத்திய பின்னரே எதிரிகள் மீண்டு, புழுக்கள் அடங்கின. ஆய்வாளர் பிரையன் உட் இதனை விளக்கிக் காட்டினார்.

அக்குளவிகளின் குஞ்சுகளுக்குப் புழு உணவாகும். வளர்ந்த குளவிக்கோ பூந்தேன் வேண்டும். பூவே இல்லாத தோட்டத்தில் அவை நெடுநாள் தங்கா. இதனால்தான் பல தோட்டங்களில் இன்று சாலையோரமாக ‘எட்டு மணிப் பூ’ என்று பொருள்படும் பூங்கா புக்குல் லாப்பான் செடியையும், கொடிரோஜாவையும் நடுகிறார்கள். விலை கொடுத்து நடும் இவ்வேலையை, வழியோரத்தில் தாமாகப் பூக்கும் சிறு செடிகள் பலவும் கூலியின்றிச் செய்துவருகின்றன.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

ஒரு தோட்டத்தில் முப்பது வகைச் செடிகளை எண்ணிவிட்டு, காடு அழியவில்லை என்று சொல்லிவிடலாமா? சொல்லலாகாது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த தொட்டாற்சிணுங்கியையும் மிக்கானியாக் கொடியையும் இங்கும் காணலாம். இலங்கையிலும் தமிழகத்திலும் காணலாம். நம் தாழ்நிலக் காட்டின் மெராந்தி, கெருயிங், கப்பூர் மரங்களின் கன்றுகளோ, அம்மரங்கள் அருகில் நின்றால்தான் முளைக்கும். அவற்றின் விதை நெடுந்தொலைவு பறப்பதில்லை. பல காலம் மண்ணில் உறங்குவதுமில்லை. எனவே, எத்தனை வகை என்பதோடு, எந்த வகை என்றும் கேட்க வேண்டும்.

ஆயினும், பயிர் முறை இதிலும் வேறுபாட்டை உண்டாக்கும். சுமத்ராவின் ஜாம்பி வட்டாரத்தில், சிறு உடைமையாளர் ரப்பரை நட்டுவிட்டு, இடையில் முளைத்த காட்டு மரங்களையும் பழமரங்களையும் நிற்க விட்டனர். ‘காட்டு ரப்பர்’ எனப்படும் அத்தோப்புகளில், இயற்கைக் காட்டிலுள்ள அளவு இல்லாவிடினும், ஒழுங்கான பெருந்தோட்டத்தைக் காட்டிலும் மிகப் பலவகைச் செடிகள் வாழ்வதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அங்கே ரப்பரின் விளைச்சல் குறைவு என்பதையும் மறைப்பதற்கில்லை. ஒன்றைப் பெற ஒன்றை இழக்கிறோம். எவ்வளவு இழக்கிறோம் என்பதை அறிந்து இழப்பதே அறிவுடைமை.

இழந்தது திரும்பி வருமா என்பதற்குக் கோலாலம்பூரின் அருகிலேயே இரு சான்றுகள் உண்டு. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த புக்கிட் கியாராவில், பால் வெட்டு நின்று களையெடுப்பும் நின்றபின், பழைய ரப்பர் மரங்களினூடே புதர்களும் மரங்களும் எழுந்து இன்று பசுமைக் குன்றாக நிற்கிறது. மற்றொன்று கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம். ஈய லம்பங்களும் காய்கறிப் பாத்திகளுமாகப் பாழ்பட்டுக் கிடந்த அந்நிலத்தில் 1926இலிருந்து மரங்கள் நடப்பட்டன. நிழலும் இலைமக்கும் பெருகப் பெருக, நட்டவற்றோடு நடாதவையும் வந்து சேர்ந்தன. 500 ஹெக்டருக்கு மேற்பட்ட அவ்வனம் 2012இல் தேசியப் பாரம்பரியத் தலமாயிற்று. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. மனிதர் கெடுத்த நிலத்தை மனிதரே மீட்கலாம் என்பது இதன் பாடம். அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின என்பதும் அப்பாடத்தின் மறுபாதி.

நாம் செய்யக்கூடியவை

எந்தப் பயிரை நடுவது என்பது தொழிலாளரின் கையில் இல்லை. ஆயினும், மண்வெட்டியும் தெளிப்பானும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. 2020 முதல் கட்டாயமாக்கப்பட்ட மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் முறையும் ஆற்றோரப் பகுதியையும் காட்டுயிர்களையும் பேணுமாறு வற்புறுத்துகிறது. ஆகவே, கீழ்க்கண்டவற்றை மேற்பார்வையாளரோடு கலந்து பேசிச் செயற்படுத்தலாம்.

ஆற்றோரத்திலும் கால்வாய்க் கரையிலும் மருந்து தெளிக்காதீர்கள். அங்கேதான் விதைகளின் சேமிப்புக் கிடங்கு இருக்கிறது; அந்நீரே கீழே வாழ்வோரின் வீட்டுக்கும் போகிறது.

தெளிக்க வேண்டிய இடத்தில் மட்டும் தெளியுங்கள். மர வட்டமும் பாதையும் துப்புரவாக இருத்தல் வேண்டும். நிரைகளுக்கு இடைப்பட்ட நிலம் முழுவதும் கருக வேண்டியதில்லை. லாலான், மிக்கானியா, மரக்கன்றுகளை நெரிக்கும் புதர் ஆகியவற்றைத் தேடி நீக்குங்கள்; பெரணியையும் சிறு பூச்செடியையும் விட்டுவையுங்கள்.

கோயில் மரத்தையும் இடுகாட்டுத் தோப்பையும் பேணுங்கள். நம் முன்னோர் கோயில் கட்டி வணங்கிய அரசும் ஆலும் பறவைகளுக்குத் தங்குமிடமாகும். பறவை தங்கும் மரத்தடியில்தான் புதிய செடிகள் முதலில் முளைக்கும்.

கீரை பறிக்கும்பொழுது எச்சரிக்கையாக இருங்கள். மருந்து தெளித்த இடத்திலும் அதையொட்டிய கால்வாயிலும் எக்கீரையையும் பறிக்கலாகாது. எங்கு எப்பொழுது தெளித்தார்கள் என்று தெளிப்பு வேலை செய்வோரைக் கேட்டறியுங்கள். பெயர் தெரியாத பெரணியையும், கிழங்கையும், காளானையும் உண்ணாதீர்கள். மஞ்சட்காமாலை போன்ற நோய்களுக்குக் கைமருந்தை மட்டும் நம்பியிராமல் மருந்தகத்துக்குச் செல்லுங்கள்.

செடிகளின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயரிட்டுக் கூறியதாக நாம் பெருமை பேசுகிறோம். நம் லயத்தைச் சுற்றியுள்ள ஒன்பது செடிகளின் பெயரை நம் பிள்ளைகள் சொல்ல வல்லவர்களா? பெயர் தெரியாத செடி மறைந்தால், மறைந்தது என்பதும் யாருக்கும் தெரியாது.

ஒரு சிறு பயிற்சி

நான்கு மீட்டர் நீளமுள்ள கயிற்றை இரு முனையும் சேர்த்துக் கட்டுங்கள். நான்கு குச்சிகளில் மாட்டிச் சதுரமாக நிலத்தில் விரித்தால், உள்ளே ஒரு சதுர மீட்டர் அடங்கும். அதற்குள் எத்தனை வகைச் செடிகள் உள்ளன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாதவற்றுக்கு ஓர் இலையைத் தாளில் ஒட்டி எண்ணிடுங்கள். ஒரே வகை முக்கால் பங்கு இடத்தைப் பிடித்திருந்தால் அதனையும் எழுதுங்கள்.

முற்றிய ரப்பர் நிரையின் நடுவில், மறு நடவு செய்த நிலத்தில், மருந்தடிக்கும் பாதையில், கால்வாய்க் கரையில், லயத்தின் பின்புறத்தில் என ஐந்து இடங்களில் இவ்வாறு செய்யுங்கள். தோட்டத்தில் செம்பனையும் இருந்தால் மட்டை அடுக்கின் ஓரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அண்மையில் மருந்து தெளித்த இடத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லாதீர்கள். ஆறு மாதங்கள் கழித்து அதே இடங்களில் மீண்டும் எண்ணி, இரு கணக்குகளையும் ஒப்பிடுங்கள். அவ்வட்டவணையை வாசகசாலையிலோ பள்ளியிலோ ஒட்டி வைத்தால் மற்றவர்களும் பயன் பெறுவர்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. உங்கள் தோட்டத்தில் லாலான் மிகுந்த இடம் எது? அங்கே ஒளி எவ்வாறு விழுகிறது?

2. ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளிப்பதால் எவ்வகைச் செடிகள் மறையும்? எவை பெருகும்?

3. செம்பனைத் தண்டில் வளரும் பெரணி ரப்பர் மரத்தில் ஏன் அதிகம் வளர்வதில்லை?

4. உங்கள் வீட்டு முதியோர் பறித்துச் சமைத்த கீரைகள் எவை? அவற்றுள் இன்றும் அதே இடத்தில் கிடைப்பவை எத்தனை?

நான்காம் வினாவுக்கு விடையைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பாட்டியாரைக் கேட்டால் போதும். அவர் சொல்லும் பெயர்களை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மண்வெட்டியையோ தெளிப்பானையோ கையில் எடுக்கும்பொழுது, எதனை நீக்குவது, எதனை விட்டுவைப்பது என்று முடிவு செய்ய அப்பட்டியல் உதவும்.